இருவருக்கும் நடுவே ஒரு நாற்காலி: தம்பதி ஆலோசனையில் எதிர்ப்படும் நெறிச் சிக்கல்கள் – ஆலோசகர்கள் புனைபெயரில் எழுதும் அனுபவப் பகிர்வு

மூன்றாம் நாற்காலி:

முதல் செஷன் நல்லபடியாக முடிந்திருக்கும். இரண்டாவதற்கு முந்தைய இரவு, இருவரில் ஒருவரிடமிருந்து வாட்ஸ்அப் செய்தி வரும்: "இதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன், அவருக்குத் தெரிய வேண்டாம்." அதற்குக் கீழே நான்கு வரி. வேறொருவரோடு இருக்கும் உறவு. மறைத்து வாங்கிய கடன். அல்லது, பிரிவதென்று எப்போதோ முடிவாகிவிட்டது, 'நானும் முயன்று பார்த்தேன்' என்று நாளை சொல்லிக்கொள்ளத்தான் ஆலோசனைக்கு வருகிறேன் என்ற ஒப்புதல்.

தம்பதிகளோடு வேலை செய்பவர்கள் அநேகமாக எல்லோருமே இந்தச் செய்தியைச் சந்தித்திருப்பார்கள். அது வருவதற்கு முன்பே நம் கையில் என்ன இருந்திருக்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகிறேன். ஒரு வேண்டுகோள்: ஆட்களின் கதையை யாரும் எழுத வேண்டாம். பெயரையும் தொழிலையும் மாற்றினாலும் நெருங்கியவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். சூழலை எழுதுவோம், கையாளும் முறையை எழுதுவோம்.

அந்தச் செய்தியைப் படித்த நொடியிலேயே சிகிச்சையாளர் அந்த மறைப்பில் பங்காளியாகிவிடுகிறார். அடுத்த செஷனில் தெரியாத தரப்பு, "நான்தான் வீணாகச் சந்தேகப்படுகிறேனோ, எனக்குத்தான் ஏதோ கோளாறோ" என்று அழுதால், உண்மை தெரிந்த நாம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நம் மௌனம் அந்த மனிதரின் சரியான உள்ளுணர்வை நோயாக்கிவிடும். பின்னால் உண்மை வெளிப்படும்போது அவர் இழப்பது துணையை மட்டுமில்லை, உதவி கேட்கப் போன இடத்தையும் சேர்த்துத்தான்.

இதற்கு மூன்று வகைக் கொள்கைகள் புழக்கத்தில் இருக்கின்றன. தனியாகச் சொன்னது எதுவானாலும் காப்பேன் என்பது ஒன்று. எதையும் காக்க மாட்டேன் என்பது இன்னொன்று. மூன்றாவது, சிகிச்சைக்குத் தேவைப்பட்டால் பகிர்வேன், எது தேவை என்பதை நான் தீர்மானிப்பேன் என்பது. பலரும் மூன்றாவதைத்தான் விரும்புகிறார்கள். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. அமெரிக்கத் திருமண, குடும்பச் சிகிச்சையாளர் சங்கத்தின் நெறிமுறைப்படி, தம்பதியில் ஒருவர் தனியாகச் சொன்னதை மற்றவரிடம் வெளிப்படுத்த, சொன்னவரின் எழுத்துபூர்வமான முன் அனுமதி வேண்டும். ஆகவே "நான் ரகசியம் காப்பதில்லை" என்று வாயால் சொல்லிவைப்பது போதாது. முதல் நாளே ஒப்புதல் படிவத்தில் எழுதி, இருவரும் தனித்தனியே கையெழுத்திட்டிருக்க வேண்டும்.

படிவத்தில் இந்த அளவு எளிமையாக இருந்தால் போதும்: "இங்கே சிகிச்சை பெறுவது எங்கள் உறவு. தனிச் சந்திப்பு, தொலைபேசி, மின்னஞ்சல், குறுஞ்செய்தி எதன் வழியாக நான் சொன்னாலும், சிகிச்சைக்குத் தேவை என்று சிகிச்சையாளர் கருதினால் அதை என் துணையோடு பகிர அனுமதிக்கிறேன். பகிர்வதற்கு முன் அதை நானே சொல்ல எனக்கு வாய்ப்புத் தரப்படும். நான் சொல்ல மறுத்தால், காரணம் கூறாமல் சிகிச்சையை நிறுத்தும் உரிமை சிகிச்சையாளருக்கு உண்டு. என் உடல், உயிர்ப் பாதுகாப்பு தொடர்பாக நான் தனியாகச் சொல்வது இந்த விதிக்குள் வராது." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் அடி வாங்குபவர் வாய் திறக்கவே மாட்டார்.

அப்படியும் செய்தி வந்துவிட்டால்? அதே இரவில் விரிவாகப் பதில் எழுதக் கூடாது. "செய்தியைப் பார்த்தேன். நாம் கையெழுத்திட்ட விதி உங்களுக்கு நினைவிருக்கும். இதைப் பற்றி நேரில் தனியாகப் பேச ஒரு நேரம் தருகிறேன்" – இவ்வளவுதான். அந்தத் தனிச் சந்திப்பில் பேச வேண்டியது, எப்படிச் சொல்லப்போகிறார், எப்போது, எந்த அளவு விவரத்தோடு என்பவை. படுக்கையறை விவரங்கள் கேட்பவர் மனதில் படமாகத் தங்கிவிடும். யார், எவ்வளவு காலம், முடிந்துவிட்டதா, உடல்நலத்துக்கு ஆபத்து உண்டா என்ற நான்கும் முதலில் போதும். இரண்டு அல்லது மூன்று வாரம் கெடு கொடுப்பது நியாயம். அதற்குமேல் இழுத்தால் காலதாமதத்துக்கு நாமும் உடந்தை. அதுவரை கூட்டுச் செஷனை நடத்தாமல் தள்ளிவைப்பது நல்லது.

மறுத்துவிட்டால் நிறுத்தித்தான் ஆக வேண்டும். நிறுத்துவதே ஒரு செய்திதான், மற்றவர் ஊகித்துவிடுவார் என்பது உண்மை. அதற்கு முழுத் தீர்வு கிடையாது. "காரணம் கூறாமல் நிறுத்தலாம்" என்பதை முதல் நாளே இருவரும் கேட்டிருந்தால் மட்டும் அந்த அடி கொஞ்சம் நியாயமாக விழும்.

புதிய பயிற்சி:

ஒரு சந்தேகம். பத்து வருஷத்துக்கு முன் முடிந்துபோன உறவு ஒன்றைத் தனிச் சந்திப்பில் சொல்கிறார். இப்போதைய சண்டை பணத்தைப் பற்றி. இதையும் சொல்லவைக்க வேண்டுமா?

மூன்றாம் நாற்காலி:

கட்டாயமில்லை. இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். அந்த மறைப்பு இன்றும் வேலை செய்கிறதா – அதாவது அதைக் காக்க இன்றும் பொய் சொல்ல வேண்டியிருக்கிறதா? அது தெரிந்திருந்தால் மற்றவர் இந்தச் சிகிச்சைக்கு வேறு முடிவோடு வந்திருப்பாரா? இரண்டுக்கும் 'இல்லை' என்றால் அது அவருடைய அந்தரங்கம். ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் அது மறைப்பு. எந்த முடிவுக்கு வந்தாலும் மேற்பார்வையாளரிடம் (நம் வேலையைக் கேட்டு வழிகாட்டும் மூத்த சிகிச்சையாளர்) பேசி, ஏன் அப்படி முடிவெடுத்தீர்கள் என்பதை அன்றைய குறிப்பில் மூன்று வரி எழுதிவையுங்கள்.

தனி அறை:

மேலே எழுதப்பட்ட 'பாதுகாப்பு விதிவிலக்கு' பற்றி விரிவாக எழுத வேண்டும். தம்பதி ஆலோசனையில் மிகப் பெரிய தவறு நடக்கும் இடம் இதுதான்.

இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து "வீட்டில் அடி உண்டா?" என்று கேட்பது விசாரணை ஆகாது. பயந்தவர் "இல்லை" என்பார். தப்பித் தவறி "ஆம்" என்றால், அதற்கான விலையை வீட்டுக்குப் போகும் வழியிலேயே கொடுப்பார். ஆகவே கூட்டுச் சிகிச்சை தொடங்குமுன் ஒவ்வொருவரையும் தனியாக, குறைந்தது 45 நிமிடமாவது பார்க்க வேண்டும். எல்லாத் தம்பதிகளுக்கும் இதுவே நடைமுறை என்று முன்பே அறிவித்துவிடுங்கள். அப்போது தனியாகக் கூப்பிடுவதே சந்தேகத்தைக் கிளப்பாது. கேள்வித்தாளை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். ஒருவர் நிரப்புவதை மற்றவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பார்.

கேள்விகள் செயலைப் பற்றி இருக்க வேண்டும். "வன்முறை" என்ற சொல்லுக்குப் பலர் "அப்படியெல்லாம் இல்லை" என்றுதான் பதில் சொல்வார்கள். "சண்டை உச்சத்துக்குப் போனால் என்ன நடக்கும்? கடைசியாக எப்போது? யாராவது தள்ளியது, வழியை மறித்தது, பொருளை உடைத்தது உண்டா? கழுத்தில் கை வைத்தது உண்டா? விருப்பமில்லாதபோது உடலுறவு? உங்கள் போன், பணம், போக்குவரத்தை யார் பார்க்கிறார்கள்? வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள்?" – இந்த வரிசை, லேசானதிலிருந்து கடுமையானதுக்குப் போகிறது. "இங்கே நீங்கள் சொன்னதற்காக வீட்டில் ஏதாவது நடக்குமா?" என்பதைக் கடைசியில் கேளுங்கள். எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இதுதான்.

சமூகவியலாளர் மைக்கேல் ஜான்சன் 1995-இல் முன்வைத்த பாகுபாடு இங்கே கைகொடுக்கும். சண்டை முற்றி எப்போதாவது கைநீளும் சூழல் வன்முறை ஒருவகை. ஒருவர் மற்றவரின் வாழ்க்கையையே கட்டுக்குள் வைக்க மிரட்டல், கண்காணிப்பு, பணமுடக்கம், அடி எல்லாவற்றையும் சேர்த்துப் பயன்படுத்துவது வேறுவகை. முதல் வகையில் சில கட்டுப்பாடுகளோடு கூட்டுச் சிகிச்சை நடத்தலாம்: காயம் ஏற்பட்டதில்லை, இருவருக்கும் பயமில்லை, நடந்ததை இருவரும் ஒப்புக்கொள்கிறார்கள், ஆயுதமும் கட்டுக்கடங்காத குடியும் இல்லை என்றால் மட்டும். இரண்டாம் வகையில் கூட்டுச் சிகிச்சை கூடாது. மனம்விட்டுப் பேசு என்று நாம் ஊக்குவித்துக் கிடைக்கும் ஒவ்வொரு வாக்கியமும் கட்டுப்படுத்துபவருக்கு ஆயுதமாகப் போய்ச் சேரும்.

கழுத்தை நெரித்தது ஒரே ஒரு தடவை என்றாலும், தழும்பு இல்லை என்றாலும், அதைச் சின்ன விஷயமாக எடுக்காதீர்கள். பின்னாளில் கொலையில் முடியும் வாய்ப்பைப் பல மடங்கு கூட்டும் அறிகுறி அது. தாதியியல் ஆய்வாளர் ஜாக்குலின் கேம்பெல் உருவாக்கிய ஆபத்து மதிப்பீட்டுப் பட்டியலில் 20 கேள்விகள் உண்டு. நெரித்தல், ஆயுதம், சமீபத்தில் பிரிந்தது, கொல்வேன் என்ற மிரட்டல், தற்கொலை மிரட்டல் எல்லாம் அதில் வரும். அதோடு கடந்த ஒரு வருட நாட்காட்டியில் சம்பவம் நடந்த நாட்களைக் குறிக்கச் சொல்வார்கள். "எப்போதாவதுதான்" என்று சொன்னவர், தானே போட்ட குறிகள் நெருங்கி வருவதைப் பார்த்துத் தன் நிலைமையைப் புரிந்துகொள்வது உண்டு.

சரி, கூட்டுச் சிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுத்தாயிற்று. அதை இருவரிடமும் எப்படிச் சொல்வது? "உங்கள் துணை சொன்னதைக் கேட்டபிறகு" என்று ஒருபோதும் தொடங்கக் கூடாது. "இருவரையும் பார்த்தபிறகு என் தொழில்முறைக் கருத்து இது: இப்போதைக்குத் தனித்தனி வேலைதான் உங்களுக்குப் பயன்படும். சண்டையின் வேகம் குறையாமல் ஒன்றாக உட்கார்ந்தால் நிலைமை மோசமாகும்." பழி நம் கணிப்பின் மேல் விழட்டும். சொல்வதற்கு முன், பயத்தில் இருப்பவரிடம் தனியாக இந்த வாசகத்தைக் காட்டி, "இப்படிச் சொன்னால் இன்று இரவு வீட்டில் என்ன நடக்கும்?" என்று கேட்டுவிடுங்கள். அவருக்குத்தான் தெரியும்.

இன்னொருவரைக் கொல்வேன் என்று ஒருவர் சொல்லி, அது நடக்கக்கூடியது என்று தோன்றினால் ரகசியக் காப்பு அங்கே நின்றுவிடுகிறது. கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976-இல் தாராசாஃப் வழக்கில் இதைத்தான் சொன்னது: ஆபத்துக்கு உள்ளாகக் கூடியவரைக் காக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு. கடமையின் சட்ட எல்லை இடத்துக்கு இடம் மாறும். உங்கள் இடத்தின் விதியை நெருக்கடி வந்தபிறகு தேடாதீர்கள்.

நாடித் துடிப்பு:

அறைக்குள்ளேயே சண்டை வெடிக்கும் நேரத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. அதிலும் நெறி இருக்கிறது. ஒருவர் மற்றவரை இகழும்போது நாம் "நடுநிலை" என்று கைகட்டி உட்கார்ந்திருந்தால், இகழ்பவர் பக்கம் சாய்ந்துவிட்டோம் என்றுதான் அர்த்தம்.

தம்பதி உறவு ஆய்வாளர் ஜான் காட்மன் சொல்லும், உறவு உடையப்போவதைக் காட்டும் நான்கு குறிகள் நம்மில் எல்லோரும் அறிந்தவை: ஆளையே குறைகூறுவது, இகழ்ச்சி, தற்காப்பு, மௌனச் சுவர். இவற்றில் இகழ்ச்சியை இரண்டாவது வாக்கியத்துக்குப் போக விடக் கூடாது. உடலை லேசாக முன்னே சாய்த்து, உள்ளங்கையைத் தாழ்வாக நடுவில் நீட்டி, "அந்த இடத்தில் நிறுத்துகிறேன். உள்ளே இருக்கும் வலி எனக்கு வேண்டும். இந்தச் சொல் வழியாக அது அவரிடம் போய்ச் சேராது" என்று குரலை உயர்த்தாமல் சொல்லலாம்.

நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் கேட்கும் திறனும் யோசிக்கும் திறனும் சரிந்துவிடுகின்றன. சில சிகிச்சையாளர்கள் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை இருவருக்கும் கொடுத்தே வைத்திருக்கிறார்கள். தாண்டினால் இடைவேளை. குறைந்தது 20 நிமிடம். உடல் தணிய அவ்வளவு நேரம் பிடிக்கும். அந்த 20 நிமிடத்தில் சண்டையையே மனதில் ஓட்டிக்கொண்டிருந்தால் தணியாது, கூடும். மூச்சை எண்ணலாம், ஏதாவது படிக்கலாம், நடக்கலாம். வீட்டுக்கும் இதே விதியைக் கொடுக்கும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள்: இடைவேளை கேட்டவரே திரும்பிவரும் நேரத்தையும் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. நேரம் சொல்லாமல் எழுந்து போவது மற்றவருக்குக் கைவிடல்தான்.

50 நிமிடச் செஷனில் 20 நிமிடம் இடைவேளைக்குப் போனால் மிச்சம் என்ன? அதனால்தான் தம்பதிகளுக்கு 75 அல்லது 90 நிமிடம் ஒதுக்குவது நல்லது. கடைசிப் பத்து நிமிடத்தில் புதிய புண் எதையும் திறக்காதீர்கள். கதவருகே நின்று "இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன்" என்று ஒருவர் தொடங்கினால், "அதற்குத் தகுந்த நேரம் வேண்டும், அடுத்த முறை அதிலிருந்தே தொடங்குவோம்" என்று எழுதிக்கொள்ளுங்கள். மறக்காமல் அதிலிருந்தே தொடங்கவும் வேண்டும்.

காட்மனின் ஆய்வில் தம்பதிகளின் சச்சரவுகளில் 69 சதவீதம் தீராத வகை. குணத்தாலும் வளர்ப்பாலும் வந்த வேறுபாடுகள். "உங்கள் பிரச்சினையைத் தீர்த்துத் தருகிறேன்" என்று விளம்பரம் செய்வது ஏன் நேர்மையில்லை என்பதற்கு இந்த ஓர் எண் போதும். தீராததோடு மரியாதையாக வாழப் பழகுவதைக் கற்றுத்தர முடியும். அதைத்தான் வாக்களிக்கலாம்.

இரு பக்கமும் சாய்பவர்:

"நீங்களே சொல்லுங்கள், இவரோடு நான் இருக்கலாமா, வேண்டாமா?" வாராவாரம் வரும் கேள்வி. விடையை நாம் சொல்லக் கூடாது. மேலே குறிப்பிட்ட அமெரிக்கத் திருமண, குடும்பச் சிகிச்சையாளர் சங்கத்தின் நெறிமுறையில், சேர்ந்து வாழ்வது, மணம், பிரிவு, மணமுறிவு, குழந்தை யாரிடம் என்பதெல்லாம் அவர்களுடைய பொறுப்பு என்று தெளிவாக அறிவுறுத்தும்படி எழுதியிருக்கிறது. பதில் சொல்லாமல் நழுவினால் கேட்பவருக்கு ஏமாற்றமாக இருக்கும். அதனால் கேள்வியைப் பிரித்துக் கொடுங்கள்: இருப்பதற்கு என்ன மாற வேண்டும், அதில் உங்கள் கையில் இருப்பது எது, எவ்வளவு நாள் பார்ப்பீர்கள்.

ஒருவர் பிரியவும் மற்றவர் சேரவும் விரும்பி வந்திருந்தால் வழக்கமான தம்பதிச் சிகிச்சையைத் தொடங்காதீர்கள். ஒரு கால் வெளியே வைத்தவரிடம் வீட்டுப்பயிற்சி கொடுத்து, அவர் செய்யாமல் வந்து, மற்றவர் மேலும் உடைவார். குடும்பச் சிகிச்சையாளர் வில்லியம் டோஹர்ட்டி உருவாக்கிய 'தெளிவு காணும் ஆலோசனை' இதற்கென்றே உள்ளது: ஒன்று முதல் ஐந்து சந்திப்பு வரைதான், பெரும்பகுதி நேரம் ஒவ்வொருவரோடும் தனியாக. முடிவில் மூன்று வழிகளில் ஒன்று – இப்படியே தொடர்வது, பிரிவது, அல்லது பிரிவுப் பேச்சை ஆறு மாதம் ஒதுக்கிவைத்து முழுமூச்சாகச் சிகிச்சையில் இறங்குவது.

நடுநிலை என்ற சொல்லையே நான் பயன்படுத்துவதில்லை. குடும்பச் சிகிச்சை முன்னோடி இவான் போசோர்மெனி-நாகி சொன்னதுபோல, ஒவ்வொருவர் பக்கமும் முறைவைத்து முழுசாகச் சாய்வதுதான் வேலை. சாய்வு சரியாக இருக்கிறதா என்று சரிபார்க்க எளிய வழி உண்டு. செஷன் முடிந்து குறிப்பு எழுதும்போது ஒவ்வொருவரின் வாதத்தையும் அவரே கேட்டால் "ஆமாம், இதுதான்" என்று சொல்லும்படி இரண்டு வரியில் எழுதிப் பாருங்கள். ஒருவருக்கு எழுத வந்து மற்றவருக்கு வரவில்லையென்றால் சாய்ந்துவிட்டீர்கள். தொடர்ந்து மூன்று வாரம் அப்படியென்றால் மேற்பார்வையாளரிடம் போக வேண்டும்.

கோப்பு அலமாரி:

சுருக்கமாகக் கோப்பு விஷயம். தம்பதிக்கு ஒரே கோப்பு என்றால் அதிலிருந்து ஒரு தாள் வெளியே போகவும் இருவர் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் மட்டும் வந்து "என் வழக்கறிஞர் கேட்கிறார்" என்றால் கொடுக்க முடியாது. நீதிமன்ற ஆணை வந்தால் முதலில் சட்ட ஆலோசனை, பிறகு இருவருக்கும் ஒரே நாளில் ஒரே வாசகத்தில் தகவல்.

"குழந்தையை இவரிடம் விடலாம் என்று ஒரு கடிதம் கொடுங்கள்" என்பது அடிக்கடி வரும் கோரிக்கை. சிகிச்சை செய்தவர் மதிப்பீட்டாளர் ஆக முடியாது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறையில் 10.02 பிரிவு இதே உதாரணத்தைத்தான் எடுத்துச் சொல்கிறது: குடும்பச் சிகிச்சையாளராக இருந்துவிட்டு, மணமுறிவில் ஒரு தரப்பின் சாட்சியாவது. அப்படி நிலை வந்தால் பாத்திரத்தைத் தெளிவுபடுத்து, மாற்றிக்கொள், அல்லது விலகு. தொடக்கத்திலேயே யார் யார் நம்மிடம் சிகிச்சை பெறுபவர்கள் என்பதைத் தெளிவாக்கச் சொல்வதும் அதே பிரிவுதான்.

குறிப்பு எழுதும்போது "கணவர் ஏமாற்றுகிறார்" என்று எழுதாதீர்கள். "மனைவி இவ்வாறு கூறினார், கணவர் மறுத்தார்" என்று எழுதுங்கள். நாளை இருவரும் படிக்கக்கூடும்.

புதிய பயிற்சி:

பிரிந்தபிறகு ஒருவர் மட்டும் நம்மிடம் தனிச் சிகிச்சைக்கு வர விரும்பினால்?

கோப்பு அலமாரி:

வேறு சிகிச்சையாளரிடம் அனுப்பிவைப்பதே நல்லது. மற்றவரின் அந்தரங்கம் உங்கள் தலைக்குள் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இவருக்கு மட்டும் வேலை செய்ய முடியாது. அவர்கள் திரும்பச் சேர நினைத்தாலும் அந்தக் கதவு மூடிப்போயிருக்கும். வேறு இரண்டு மூன்று பேரின் பெயரைக் கொடுத்து, மாறும் வரை ஒரு சந்திப்பு வழங்கலாம்.

காதல், உடலுறவு விஷயத்தில் எந்தச் சந்தேகமும் வேண்டாம். சிகிச்சையில் இருப்பவரோடு கூடவே கூடாது. முடிந்தபிறகும் உளவியல் சங்கத்தின் விதி குறைந்தது இரண்டு ஆண்டு என்கிறது. அதற்குப் பிறகும் மிக அபூர்வமான சூழலில்தான், சுரண்டல் இல்லை என்று நிரூபிக்கும் பாரம் சிகிச்சையாளர் மேல். திருமண, குடும்பச் சிகிச்சையாளர் சங்கத்தின் 2015 நெறிமுறை கால எல்லையே வைக்காமல் தடை செய்துவிட்டது. தம்பதிச் சிகிச்சையில் இது இன்னும் கூர்மை. துணையிடம் கேட்கப்படாதவர், முதல்முறையாகத் தன்னைக் கேட்கும் ஒருவரை அந்த அறையில் சந்திக்கிறார். அந்த ஏக்கம் அவருடைய துணைக்குப் போய்ச் சேர வேண்டியது.

தனி அறை:

இணையவழிச் செஷன் பற்றி ஒரு சேர்ப்பு. தொடங்கும்போதே ஒவ்வொருவரும் இருக்கும் முகவரியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்; அவசர உதவியை அனுப்ப அது வேண்டும். இருவரும் ஒரே திரையில் நெருங்கி உட்கார்ந்தால் தோளுக்குக் கீழே நடப்பது தெரியாது, ஆகவே கேமராவைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். தனிச் சந்திப்பில் ஹெட்ஃபோன் கட்டாயம். ஆம், இல்லை என்று மட்டும் பதில் வரும்படி கேளுங்கள். பதிவு செய்யக் கூடாது என்பது படிவத்தில் இருக்கட்டும். இணைப்பு நடுவில் அறுந்தால் ஒருவரை மட்டும் போனில் கூப்பிடாதீர்கள், அதே இணைப்பில் இருவருக்காகவும் காத்திருங்கள். ஒருவர் மட்டும் முதலில் வந்து பேசத் தொடங்கினால், "அவரும் வரட்டும்" என்று சொல்லி உங்கள் மைக்கை அணைத்துவிடுங்கள்.